தூண்டியவர் யார்? மலாக்காத் தோட்டப்புறத்திலிருந்து ஒரு பழைய கேள்வி

கேள்வியும் அதன் சொற்களும்

மக்கள் திரண்டெழும்போது அவர்களை எழுப்பியவர் கடலுக்கு அப்பால் இருக்கிறார் என்று ஆள்வோர் சொல்வதும், வயிறும் மானமும் எழுப்பினவே அன்றி வேறெவரும் எழுப்பவில்லை என்று எழுந்தோர் மறுப்பதும் மலாயா மண்ணில் எண்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுவரும் வாதம். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தம் முதல், 2019-இல் மலாக்கா மாநில ஆட்சிக்குழு உறுப்பினர் ஒருவரையே காவலில் வைத்த வழக்கு வரை, குற்றம் சாட்டியவர்களும் சாட்டப்பட்ட நாடுகளும் மாறியிருக்கின்றனர்; வாதத்தின் கட்டுமானம் மாறவில்லை.

பகை நாட்டில் கலகம் மூட்ட ஒரு வல்லரசு விரும்புவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. நட்பு நாட்டில், அதாவது பாதுகாப்பு உடன்படிக்கையாலோ வணிகத்தாலோ தன்னோடு பிணைந்த அரசு ஆளும் நாட்டில், மக்கள் கிளர்ச்சியை அது ஏன் வளர்க்க வேண்டும் என்பதே சிக்கலான வினா. 1957-இல் விடுதலை பெற்ற மலாயா அதே ஆண்டில் பிரிட்டனுடன் தற்காப்பு உடன்படிக்கை செய்துகொண்டது. 1971-இல் அதன் இடத்தில் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிங்கப்பூர், மலேசியா ஆகிய ஐந்து நாடுகளின் தற்காப்பு ஏற்பாடு வந்தது. இந்தியாவோடும் அமெரிக்காவோடும் உறவு ஏறியும் இறங்கியும் இருந்தாலும் முறிந்ததில்லை. ஆகவே மலேசியத் தமிழரின் கிளர்ச்சிகளில் அயலார் தலையீடு உண்டா என்று கேட்பது பெரும்பாலும் நட்பு நாடுகளைப் பற்றிக் கேட்பதாகவே முடிகிறது.

செல்வாக்கு என்ற சொல்லும் பிரித்துப் பார்க்கப்பட வேண்டியது. கட்டளை வேறு, பணம் வேறு, கருத்து வேறு. வெளியிலிருந்து உள்ளே நீளும் கை ஒன்று. உள்ளிருப்போர் உதவி கேட்டு வெளியே நீட்டும் கை மற்றொன்று. இவற்றுள் ஒன்றுக்குச் சான்று காட்டிவிட்டு மற்றொன்றை நிறுவிவிட்டதாகக் கொள்வதுதான் இந்த விவாதத்தில் அடிக்கடி நேரும் பிழை.

இக்கேள்வியை மலாக்காவிலிருந்து பார்ப்பதில் ஒரு பொருத்தம் உண்டு. சுல்தான்கள் காலத்திலிருந்தே தமிழ் வணிகர் தங்கிய துறைமுகம் அது. அவர்கள் வழிவந்த மலாக்காச் செட்டிகள், இன்றைய எந்த நாட்டு எல்லையும் வரையப்படுவதற்கு முன்பே அங்கே வேரூன்றியவர்கள். மலாயாவில் ரப்பரை வணிகப் பயிராக முதலில் நட்டவர் எனப்படும் டான் சே யான் 1896-இல் நட்ட புக்கிட் லிந்தாங்கும், அடுத்துப் பெருமளவில் பயிரிட்ட புக்கிட் ஆசகானும் மலாக்காவில்தான் உள்ளன. புக்கிட் ஆசகான் தோட்டம் பின்னர் இலண்டன் முதலீட்டாளரின் குழுமத்துக்குக் கைமாறியது. நிலத்தை எடுத்த முதல், பால் வெட்டிய கைகள், அக்கைகளைக் கட்டுப்படுத்திய சட்டம் ஆகிய மூன்றும் வெவ்வேறு கரைகளிலிருந்து வந்து சேர்ந்த இடத்தில், எது உள்ளூர், எது அந்நியம் என்று கோடு கிழிப்பது எளிதன்று.

துரைமார் கண்ட தூண்டுதல்

முதல் நிலைப்பாடு காலனிய ஆட்சியுடையது. தோட்டத் தமிழர் இயல்பில் அடங்கியவர், கங்காணிக்கும் கிராணிக்கும் கட்டுப்பட்டவர், அவர்கள் வேலையை நிறுத்துகிறார்கள் என்றால் படித்த வெளியாள் ஒருவர் உள்ளே புகுந்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். 1941 வேலைநிறுத்தத்தில் அந்த வெளியாளாகக் காட்டப்பட்டவர், தமிழ் நேசன் நாளிதழில் துணையாசிரியராக இருந்த ஆர். எச். நாதன். அவ்வாண்டு மே மாதம் அவர் கைது செய்யப்பட்டுப் பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். கைதை எதிர்த்து வேலைநிறுத்தம் பரவியபோது படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் இறந்தனர்.

இந்தப் பார்வைக்கு ஓரளவு அடிப்படை இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்திய அரசின் முகவர் ஒருவர் 1920-களிலிருந்தே மலாயாவில் இருந்துகொண்டு தோட்டங்களைப் பார்வையிட்டுவந்தார். 1937-இல் நேரு மலாயாவுக்கு வந்து சென்றார். 1938-இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் புலப்பெயர்வைத் தடை செய்தது. மலாயா மத்திய இந்தியர் சங்கம் காங்கிரசு இயக்கத்தைப் பார்த்தே வளர்ந்தது. நேருவின் வருகைக்கு முன்பே, 1929-ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் மேற்கொண்ட மலாயாப் பயணம் சுயமரியாதைக் கருத்துகளைத் தோட்டத்து லயங்கள் வரை கொண்டுசென்றிருந்தது. போருக்குப்பின் கெடாவில் கள்ளுக்கடைகளை எதிர்த்து எழுந்த தொண்டர் படையில் அதன் சாயல் தெரிகிறது.

ஆனால் தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளைப் படித்தால் இந்த விளக்கம் பாதியில் நின்றுவிடுகிறது. சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, கைநீட்டும் துரைகளை மாற்றுதல், பிள்ளைகளுக்குப் பள்ளி, கள்ளுக்கடை மூடல், துரை எதிரே வரும்போது சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழித்தல் ஆகியவையே அவை. வேலைநிறுத்தக்காரர் அணிந்த காந்தி குல்லாய் வேண்டுமானால் இந்தியாவிலிருந்து வந்திருக்கலாம். சைக்கிளை விட்டு இறங்கிய அவமானம் கிள்ளானில் விளைந்தது. தொழிற்சங்கத் தோற்றத்தை ஆராய்ந்த சார்லஸ் கம்பா, இந்தியர் வரலாற்றை எழுதிய சின்னப்பா அரசரத்தினம், வர்க்கக் கோணத்தில் எழுதிய மைக்கேல் ஸ்டென்சன் ஆகியோர் தங்களுக்குள் வேறுபட்டாலும், தோட்ட வாழ்வின் குறைகளை முதற்காரணமாகவும் வெளிக் கருத்துகளை அக்குறைகளுக்குக் கிடைத்த மொழியாகவும் பார்க்கும் பார்வைக்கு இவர்கள் எழுத்துகள் இடம் தருகின்றன. மற்றொரு முரணையும் விட்டுவிட முடியாது. 1941-இல் இந்தியாவும் மலாயாவும் ஒரே பேரரசின் கீழ் இருந்தன. பேரரசின் ஒரு பகுதியிலிருந்து வந்த தமிழனை அந்நியத் தூண்டுகோல் என்று அழைத்த நிருவாகிகள், அதே பேரரசின் மற்றொரு பகுதியிலிருந்து வந்தவர்கள்.

கல்கத்தாவிலிருந்து கட்டளையா?

1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட்டில் தோட்ட நிருவாகிகளான மூன்று ஐரோப்பியர் கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோது, பிரிட்டிஷ் அரசு தந்த விளக்கம் பெரிய வரைபடம் ஒன்றை விரித்தது. அவ்வாண்டு பிப்ரவரியில் கல்கத்தாவில் நடந்த தென்கிழக்காசிய இளைஞர் மாநாட்டின் வழியே மாஸ்கோ கட்டளை அனுப்பியது, பர்மாவிலும் மலாயாவிலும் இந்தோனேசியாவிலும் ஒரே ஆண்டில் கிளர்ச்சிகள் வெடித்தது அதனால்தான் என்பது அந்த விளக்கம். பனிப்போர்க் கால ஆய்வாளர் பலர் இதை ஏற்றனர்.

இதை முதலில் விரிவாகச் சோதித்தவர்களுள் ஒருவர் ரூத் மெக்வே. 1958-இல் வெளியான அவருடைய ஆய்வு, கல்கத்தா மாநாடு புரட்சிக் கட்டளையைக் கைமாற்றிய இடம் என்று சொல்லச் சான்று போதாது எனக் காட்டியது. மலாயாவைப் பொறுத்தவரை, தொழிற்சங்கங்கள் மீது அரசு இறுக்கிய கட்டுப்பாடுகளே கம்யூனிஸ்டுக் கட்சியை ஆயுதத்தின் பக்கம் தள்ளின என்று ஸ்டென்சன் பின்னர் வாதிட்டார். மூன்றாவது போக்கு பிற்காலத்தில் வந்த நினைவுக் குறிப்புகளைக் கொண்டு எழுந்தது. 1948 மார்ச்சில் சிங்கப்பூர் வழியே சென்ற ஆஸ்திரேலியக் கம்யூனிஸ்டுத் தலைவர் லாரன்ஸ் ஷார்க்கியின் பேச்சு, கட்சித் தலைமையின் மனத்தைக் கடினமாக்கியது என்று அதன் அன்றைய பொதுச் செயலாளர் சின் பெங் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். இதைக் கட்டளை என்று சொல்ல முடியாது. ஒன்றுமில்லை என்று தள்ளவும் முடியாது. ஏற்கெனவே ஒரு திசையில் சாய்ந்திருந்தவர்களுக்குக் கிடைத்த ஒப்புதல் என்பதே அதன் அளவு என்று தோன்றுகிறது.

இதே கட்சியின் வரலாற்றில் அந்நிய ஊடுருவலுக்கு ஐயத்துக்கு இடமற்ற சான்று ஒன்று உண்டு. 1947 மார்ச் வரை கட்சியின் பொதுச் செயலாளராக இருந்து, பின் கட்சிப் பணத்தோடு தலைமறைவான லாய் தெக், பிரிட்டிஷ் உளவுத்துறையின் கையாள். மாஸ்கோவின் ஆளைத் தேடிய அரசு, தன்னுடைய ஆளைத்தான் அந்தக் கட்சியின் உச்சியில் வைத்திருந்தது.

தமிழ்த் தொழிலாளர் தரப்பில் இக்கால விவாதத்தின் முகம் எஸ். ஏ. கணபதி. தஞ்சை மாவட்டத் தம்பிக்கோட்டையில் பிறந்து அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக உயர்ந்த அவர், துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4-இல் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்திய நாள் அவருடைய தோழர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். கணபதியின் உயிருக்காக நேருவின் அரசு பிரிட்டனிடம் மன்றாடியது; பயன் இல்லை. இந்தியா அப்போது காமன்வெல்த் அமைப்பில் நீடிப்பதென முடிவுசெய்திருந்த நட்பு நாடு. தன் நாட்டிலும் கம்யூனிஸ்டுகளைச் சிறையில் அடைத்துக்கொண்டிருந்த அரசு அது. கணபதிக்காக அது பேசியது கொள்கை ஒற்றுமையால் அன்று, பிறப்பின் உறவால். இந்த வேறுபாடு ஐம்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து மீண்டும் முன்னுக்கு வருகிறது.

அந்நியக் கை எந்தப் பக்கம் இருந்தது

இதுவரை சொன்ன வாதங்கள் எல்லாம் கிளர்ச்சி செய்த கூட்டத்துக்குள்ளேயே அந்நியரைத் தேடுகின்றன. ஆவணங்கள் வெளிவரத் தொடங்கிய பின் ஆய்வாளர் கவனம் எதிர்ப்பக்கம் திரும்பியது. நட்பு நாட்டில் வல்லரசுக்கு வேண்டியது நிலைத்தன்மை. ஆகவே அதன் கை கூட்டத்தோடு இருப்பதைவிடக் கூட்டத்தை அடக்குவோரோடோ, கூட்டத்துக்கு மாற்றாக வளர்க்கப்படும் மிதவாத அமைப்போடோ இருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்பது இந்நிலைப்பாடு. ஜப்பானில் ஆளும் லிபரல் ஜனநாயகக் கட்சியினர்க்கு 1950-களிலும் 60-களிலும் அமெரிக்க உளவு நிறுவனத்தின் பணம் சென்றதை அமெரிக்க வெளியுறவுத் துறையே 2006-இல் வெளியிட்ட ஆவணத் தொகுதியில் ஒப்புக்கொண்டது. 1946 முதல் 2000 வரை அமெரிக்காவும் சோவியத்தும் (பின்னர் ரஷ்யாவும்) பிற நாட்டுத் தேர்தல்களில் 117 முறை தலையிட்டன என்று தோவ் லெவின் கணக்கிட்டிருக்கிறார். இவை தேர்தல் தலையீடுகள், தெருக் கிளர்ச்சிகள் அல்ல. வல்லரசுகளின் விருப்பம் எங்கே குவிகிறது என்பதைக் காட்டும் அளவுக்கே இவற்றைப் பயன்படுத்தலாம்.

மலாயாவில் இது தெளிவாகவே நடந்தது. போர் முடிந்த கையோடு பிரிட்டன் அனுப்பிய தொழிற்சங்க ஆலோசகர் ஜான் பிரேசியர், கம்யூனிஸ்டு சார்பற்ற சங்கங்களை வளர்ப்பதையே பணியாகக் கொண்டார். 1948-இல் சம்மேளனத்தின் பதிவு நீக்கப்பட்டது. தோட்டச் சங்கங்கள் பல ஒன்றிணைந்து 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. அதைக் கட்டியெழுப்பிய பி. பி. நாராயணன், மேற்குலகச் சார்பான அனைத்துலகச் சுதந்திரத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராகவும் 1970-களில் உயர்ந்தார். இச்சங்கம் தொழிலாளருக்கு ஒன்றும் செய்யவில்லை என்பது மிகை. கூலிப் பேச்சுகளில் அது பெற்றுத்தந்தவை உண்டு. எனினும் முதலும் அரசும் வரைந்த கட்டத்துக்குள்ளேயே தோட்டச் சங்கம் இயங்க நேர்ந்தது என்று பேராசிரியர் பி. இராமசாமி முன்வைத்த விமர்சனத்தை எளிதில் ஒதுக்க முடியாது.

மலாக்காவில் அந்த வெளிச்சக்தி கண்ணுக்குத் தெரியும் உருவத்திலும் இருந்தது. சுங்கை ஊடாங்கை அடுத்த தெரெண்டாக் முகாமில் 1960-களில் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையினர் குடும்பத்தோடு தங்கியிருந்தனர். அதே காலத்தில் மாநிலத்தின் மறுகோடியில், ஜாசின் பக்கத்துப் புக்கிட் ஆசகான் தோட்டத்தில் நெருக்கடி முற்றியது. விடுதலைக்குப்பின் ஐரோப்பியக் குழுமங்கள் பல தோட்டங்களை விற்று வெளியேற, வாங்கியவர் அவற்றைச் சிறுசிறு துண்டுகளாக்கி விற்ற நடைமுறையைத் தோட்டத் துண்டாடல் என்பர். வீடும் வேலையும் ஒரே முதலாளியிடம் இருந்த தொழிலாளி, துண்டாடலில் இரண்டையும் ஒரே நாளில் இழந்தான். ரப்பர் விலை சரிவும் அதனோடு சேர்ந்து நாடெங்கும் தோட்டப்புறத்தை நிலைகுலைய வைத்திருந்த அந்தக் காலத்தில், 1967-இல், புக்கிட் ஆசகான் தொழிலாளர் தங்கள் குறையைப் பிரதமரிடம் சொல்லக் கோலாலம்பூருக்கு நடந்தே சென்றனர்.

அந்த நெடுநடைக்குத் தொழிலாளர் கட்சியின் ஆதரவு இருந்தது. அக்கட்சிக்குள் கம்யூனிஸ்டுகள் ஊடுருவியிருக்கின்றனர் என்பது அரசின் நெடுநாள் குற்றச்சாட்டு. ஆகவே நடந்தவர்களை நடத்தியவர் யார் என்ற கேள்வி அப்போதும் எழாமல் இல்லை. ஆனால் வெளிநாட்டுச் செல்வாக்கு என்பதை நேர்மையாக எடைபோடும் ஆய்வாளர், ஊர்வலத்துக்கு வந்த கருத்தை மட்டுமன்றித் தோட்டத்தை விட்டு வெளியேறிய முதலையும் தராசில் வைக்க வேண்டும். மூலதனம் கப்பலேறிப் போனால் அது வணிகம், தொழிலாளி கையில் சிவப்புத் துண்டறிக்கை கிடைத்தால் அது தலையீடு என்று கணக்கெழுதும் பழக்கம், ஆய்வுக்குள்ளும் ஓசையின்றி நுழைந்திருக்கிறது.

கடல் கடந்து முறையிட்டவர்கள்

2007 நவம்பர் 25-இல் ஹிண்ட்ராஃப் எனும் இந்து உரிமைப் பணிப்படை கோலாலம்பூரில் நடத்திய பேரணி இந்த விவாதத்தை வேறு தளத்துக்கு உயர்த்தியது. ஆலய இடிப்புகளும், மலையேறி மூர்த்தியின் உடல் 2005 இறுதியில் குடும்பத்தின் மறுப்பை மீறி இசுலாமிய முறைப்படி அடக்கம் செய்யப்பட்டதும், தோட்டங்களிலிருந்து பட்டணத்துப் புறம்போக்குகளுக்குத் தள்ளப்பட்ட குடும்பங்களின் நிலையும் சேர்ந்து பல்லாயிரவரை அங்கே கொண்டுவந்தன. அவர்கள் திரண்டது பிரதமர் அலுவலகத்தின் முன் அன்று, பிரிட்டிஷ் தூதரகத்தை நோக்கி. ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்து, விடுதலையின்போது காப்பின்றி விட்டுச் சென்றதற்குப் பிரிட்டன் பொறுப்பேற்க வேண்டும் என்று அதே ஆண்டு ஆகஸ்டு இறுதியில் இலண்டனில் வழக்குத் தொடரப்பட்டிருந்தது. அவ்வழக்கை நடத்த அரச வழக்கறிஞரை அமர்த்தித் தரும்படி எலிசபெத் அரசிக்கு மனுக் கொடுப்பதே பேரணியின் அறிவிக்கப்பட்ட நோக்கம். காவல்துறை கண்ணீர்ப் புகையாலும் நீர்பீரங்கியாலும் கூட்டத்தைக் கலைத்தது.

இங்கே அந்நியக் கை என்ற உருவகமே தலைகீழாகிறது. மார்கரெட் கெக்கும் கேத்ரின் சிக்கிங்கும் 1998-இல் வெளியிட்ட நூலில் வளைதடி என்னும் உவமையால் விளக்கும் நிகழ்வு இதுதான்: உள்நாட்டு அரசு காது கொடுக்காதபோது மக்கள் தங்கள் முறையீட்டை வெளிநாட்டுக்கு எறிகின்றனர், அது அங்கிருந்து அழுத்தமாகத் திரும்பிவந்து சொந்த அரசின்மேல் விழும் என்பது எதிர்பார்ப்பு. எறியும் கை உள்ளூர்க் கை. இக்கோட்பாட்டின் குறை, அது திரும்பிவந்த வளைதடிகளையே அதிகம் பேசுகிறது என்பது. ஹிண்ட்ராஃப் எறிந்தது பெரும்பாலும் திரும்பவில்லை. பிரிட்டன் தன் நட்பு நாட்டுக்கு எதிராக வாய் திறக்க முனையவில்லை. தமிழக முதல்வர் கருணாநிதி பிரதமர் மன்மோகன் சிங்குக்குக் கடிதம் எழுதினார். உள்நாட்டு விவகாரத்தில் தலையிட வேண்டாம் என்று மலேசிய அமைச்சர் நஸ்ரி அஜீஸ் சூடாகவே பதிலளித்தார். புதுடில்லி கவலை தெரிவித்ததோடு, அவர்கள் மலேசியக் குடிமக்கள் என்ற வரம்பையும் நினைவூட்டி நின்றுகொண்டது. கணபதிக்காக மன்றாடிய 1949-இன் இந்தியா அன்று இது. இடையில் குடியுரிமை என்ற கோடு விழுந்துவிட்டது. அக்கோட்டுக்கு இப்பாலும் அப்பாலும் இருப்போர் தமிழ் உறவால் பிணைந்தவர் என்பது சென்னைக்குப் பொருளுடையதாகவும் டில்லிக்குச் சங்கடமாகவும் இருந்தது.

டிசம்பர் தொடக்கத்தில் காவல்துறைத் தலைவர் மூசா ஹசான், ஹிண்ட்ராஃபுக்குப் பயங்கரவாதக் குழுக்களோடு தொடர்பிருப்பதாக ஐயம் உண்டென அறிவித்தார். விடுதலைப் புலிகளின் பெயர் அடிபட்டது. டிசம்பர் 13-இல் உதயகுமார், மனோகரன், கங்காதரன், கணபதிராவ், வசந்தகுமார் ஆகிய ஐவரும் விசாரணையின்றிக் காவலில் வைக்க இடந்தரும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் கமுந்திங்கில் அடைக்கப்பட்டனர். 2009 மே மாதத்துக்குள் அனைவரும் விடுவிக்கப்பட்டனர். புலித் தொடர்பு எந்த நீதிமன்றத்திலும் நிறுவப்படவில்லை. குற்றச்சாட்டைச் சோதிக்கும் வழியை மூடும் சட்டத்தைக் கொண்டே அது முன்வைக்கப்பட்டது என்பது அதன் பெருங்குறை. அப்போது இலண்டனில் புகலிடம் பெற்றிருந்த ஹிண்ட்ராஃப் தலைவர் வேதமூர்த்தி, 2013-இல் அதே தேசிய முன்னணி அரசில் துணையமைச்சராகவும் 2018-க்குப் பின் மாற்று அரசில் அமைச்சராகவும் இருந்தார் என்பதும் அக்குற்றச்சாட்டை ஆட்சியாளரே எவ்வளவு நம்பினர் என்ற ஐயத்தைக் கிளப்புகிறது.

பணம் என்னும் சான்று

கட்டளையை நிறுவுவது அரிது. பணத்தைக் காட்டுவது எளிது. அதனால் அண்மைக்கால வாதங்கள் பெரிதும் பணத்தைச் சுற்றியே நடக்கின்றன. தூய தேர்தல் கோரிய பெர்சே இயக்கம், சில திட்டங்களுக்கு அமெரிக்கத் தேசிய ஜனநாயகக் கழகத்திடமிருந்தும் ஜார்ஜ் சோரோசின் அறக்கட்டளையிடமிருந்தும் நிதி பெற்றதை 2011-இல் அதன் தலைவர் அம்பிகா சீனிவாசன் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். 2016 நவம்பரில் ஐந்தாம் பேரணிக்கு முந்திய நாள் பெர்சே அலுவலகம் சோதனையிடப்பட்டு, அதன் அப்போதைய தலைவர் மரியா சின் அப்துல்லா பாதுகாப்புக் குற்றச் சிறப்பு நடவடிக்கைச் சட்டமான சொஸ்மாவின்கீழ் பத்து நாள் காவலில் இருந்தார்.

பணம் வந்ததென்பது உண்மை. அதனால் கூட்டம் வந்ததா என்பது வேறு வினா. மஞ்சள் சட்டையோடு வந்த பல்லாயிரவரில் எவரும் அந்த நிதியால் வந்தார் எனக் காட்டப்படவில்லை. 1953-இல் தெஹ்ரானில் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவு நிறுவனங்கள் கூலிக்குக் கூட்டம் சேர்த்ததற்கு ஆவணச் சான்று உண்டு. எனவே அப்படி நடக்கவே நடக்காது என்று மறுப்பதும் வெகுளித்தனம். ஆயினும் பெர்சே நடந்த ஆண்டுகளில் வாஷிங்டனுக்குப் பிரதமர் நஜிப் அரசு வேண்டியதாகவே இருந்தது: 2014 ஏப்ரலில் ஒபாமா மலேசியா வந்தார், எதிர்க்கட்சித் தலைவர் அன்வாரைத் தாம் சந்திக்காமல் ஆலோசகரை அனுப்பினார், ஆண்டிறுதியில் நஜிபோடு ஹவாயில் கோல்ஃப் ஆடினார். ஒரு வல்லரசின் அறக்கட்டளை ஒரு திசையிலும் அதன் வெளியுறவுக் கொள்கை மறு திசையிலும் நடப்பது அரிதன்று. அமெரிக்கா என்று ஒருமையில் பேசும் வாதம் இங்கே தடுமாறுகிறது.

வெளிப்படையான ஆதரவு கிளர்ச்சிக்கே கேடாக முடியலாம் என்பதற்கு 1998 நவம்பர் 16 நல்ல எடுத்துக்காட்டு. அன்று கோலாலம்பூரில் ஆசிய-பசிபிக் மாநாட்டு விருந்தில் அமெரிக்கத் துணை அதிபர் அல் கோர் சீர்திருத்தப் போராட்டக்காரரை வாழ்த்திப் பேசினார். மகாதீர் அரசுக்கு அதைவிடச் சிறந்த பரிசு கிடைத்திருக்காது. தமிழகத்தில் 2012 பிப்ரவரியில் கூடங்குளம் அணுமின் நிலைய எதிர்ப்புக்குப் பின்னால் அமெரிக்க, ஸ்காண்டிநேவியத் தொண்டு நிறுவனங்கள் இருப்பதாக மன்மோகன் சிங் கூறியதும், 2022-இல் கொழும்பில் அரகலய எனும் மக்கள் எழுச்சி தன்னை அகற்றியது அயல்நாட்டுச் சதி என்று கோத்தபய ராஜபக்ச பின்னர் நூலாக எழுதியதும் கிளர்ச்சியை வெளியாரின் வேலை என்று காட்டும் அதே வழக்கைச் சேர்ந்தவை. இடிந்தகரை மீனவரின் அச்சத்துக்கும், கொழும்பில் எரிவாயுவுக்கு வரிசையில் நின்றவரின் சினத்துக்கும் அந்த விளக்கங்களில் இடமில்லை.

வல்லரசு உண்மையில் முடிவைத் தீர்மானித்த நிகழ்வுகளில், அது பெரும்பாலும் ஆதரவை விலக்கிக்கொண்டதன் மூலமே தீர்மானித்தது என்பது கருதத்தக்கது. 1986-இல் மணிலாத் தெருக்களை நிரப்பியவர் பிலிப்பீன்ஸ் மக்கள். வாஷிங்டன் செய்தது, இனித் தாங்க மாட்டோம் என்று மார்க்கோசுக்கு உணர்த்தியதும் அவரை விமானத்தில் ஏற்றியதும்.

ஆயர் குரோ வழக்கு

2019 அக்டோபரில் பன்னிருவர் விடுதலைப் புலிகளை ஆதரித்ததாகக் கைதாகி, சொஸ்மாவின்கீழ் வைக்கப்பட்டுக் குற்றம் சாட்டப்பட்டனர். அலோர் காஜா பக்கத்துக் காடேக் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரும் மலாக்கா ஆட்சிக்குழு உறுப்பினருமான ஜி. சாமிநாதன், நெகிரி செம்பிலான் சிரம்பான் ஜெயா உறுப்பினர் பி. குணசேகரன் ஆகிய ஜனநாயகச் செயல் கட்சியினர் இருவரும் அவர்களுள் அடங்குவர். 2018 நவம்பர் இறுதியில் மலாக்கா ஆயர் குரோவில் நடந்த நினைவு நிகழ்ச்சி குற்றச்சாட்டுகளில் முதன்மை இடம் பெற்றது. புலிகளை மலேசியா பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிட்டது 2014-இல், அதாவது முள்ளிவாய்க்காலில் அந்த அமைப்பு அழிந்து ஐந்தாண்டுகளுக்குப் பின். எனவே இது வழக்கமான அந்நியக் கை வாதத்திலிருந்து விலகியது: இங்கே குற்றம் சாட்டப்பட்ட வெளிச்சக்தி ஓர் அரசு அன்று, உயிரோடு இயங்கும் அமைப்பா என்பதே வினாவாக இருந்தது.

நவம்பர் 29-இல் நீதிபதி முகமது நஸ்லான், பிணையை மறுக்கும் சொஸ்மா 13-ஆம் பிரிவு அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தார். 2020 பிப்ரவரி 21-இல் சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ், குற்றத்தை நிறுவ இயலும் என்ற நியாயமான வாய்ப்பு இல்லை என்று சொல்லி வழக்குகளைக் கைவிட்டார். கைப்பேசியிலும் முகநூலிலும் மாண்ட தலைவர்களின் படங்களை வைத்திருப்பது ஒருவரைப் பயங்கரவாதி ஆக்கிவிடாது என்பது அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று. அடுத்த சில நாட்களில் அரசே கவிழ்ந்தது.

இவ்வழக்கைப் பற்றி இரு தரப்பு விளக்கங்கள் உலவுகின்றன. காவல்துறைத் தரப்பு, ஓர் அமைப்பு அழிந்தபின்னும் அதன் பணமும் தொடர்பும் புலம்பெயர்ந்தோரிடையே உயிர் பெறலாம், தடுப்பது கடமை என்கிறது. ஐரோப்பாவிலும் கனடாவிலும் புலிகளுக்காக நிதி திரட்டப்பட்ட வரலாறு இருப்பதால் இது கற்பனை அச்சம் அன்று. மறுதரப்பு, ஈழத்தில் இறந்தோர்க்கு விளக்கேற்றுவது துக்கம், அரசியல் சதி அன்று, மலேசியத் தமிழரின் எந்த அரசியல் அசைவையும் கடலுக்கு அப்பால் கட்டிப்போடும் பழைய வழக்கத்தின் தொடர்ச்சியே இது என்கிறது. 1941, 2007 ஆகிய ஆண்டுகளை நினைவில் கொண்டு பார்க்கும்போது இரண்டாவது தரப்பு வலுவுடையதாகத் தோன்றுகிறது. ஆனால் வரலாற்று ஒப்புமை ஒரு வழக்கின் சான்றாகிவிடாது.

திறந்தே இருப்பவை

இதுவரை வெளிவந்த ஆவணங்களைக் கொண்டு, நட்பு நாடுகளின் மக்கள் கிளர்ச்சிகளை வல்லரசுகள் தோற்றுவித்ததற்கான சான்று மெலிந்தது என்றும், அக்கிளர்ச்சிகளுக்கு மொழியையும் சிலபோது பணத்தையும் வெளியுலகம் தந்ததற்கான சான்று போதிய அளவு உண்டென்றும், அவற்றை அடக்கியோருக்கு வெளிச்சக்திகள் துணைநின்றதற்கான சான்று எல்லாவற்றிலும் தடித்தது என்றும் ஓரளவு துணிந்து சொல்லலாம். இந்த வரிசையே ஆவணங்களின் குணத்தால் விளைந்ததாகவும் இருக்கலாம்: அரசுக்கு அரசு செய்த உதவி கோப்பாகிறது, மறைவாகக் கைமாறிய பணம் கோப்பாவதில்லை.

பிரிட்டன் நெடுங்காலம் ஒளித்துவைத்திருந்த காலனியக் கோப்புகள் 2012 முதல் கியூ ஆவணக் காப்பகத்தில் பார்வைக்கு வந்துள்ளன. மலாயாவைப் பற்றியவையும் அவற்றில் உண்டு. மலேசியச் சிறப்புப் பிரிவின் கோப்புகளை 1972-ஆம் ஆண்டின் அதிகாரத்துவ இரகசியச் சட்டம் இன்னும் காக்கிறது. ஹிண்ட்ராஃபுக்கு எதிராக 2007-இல் இருந்ததாகச் சொல்லப்பட்ட சான்று எத்தகையது என்பதும், ஆயர் குரோ நிகழ்ச்சியில் துக்கம் எங்கே முடிந்து ஆதரவு எங்கே தொடங்கியது என்பதும் நீதிமன்றத்தில் வாதிட்டுத் தீர்க்கப்படாமலே நிற்கின்றன. புக்கிட் ஆசகானிலிருந்து கோலாலம்பூருக்கு நடந்தவர்களில் எஞ்சியோர் முதுமையில் இருக்கிறார்கள்; நடக்கச் சொன்னது யார் என்ற கேள்விக்கு அவர்கள் தரும் விடையும், அந்நாளில் அவர்களைப் பின்தொடர்ந்த காவலர் எழுதியிருக்கக்கூடிய விடையும் இன்னும் அருகருகே வைத்துப் படிக்கப்படவில்லை.